கலிபரில தொடங்குங்கோ, பி வேல்யூ பிறகு வரட்டும்: ஒர்த்தடொன்டிக்ஸ் பிள்ளையளுக்கு ரிசேர்ச்சும் ஸ்டெடிஸ்டிக்ஸும் படிப்பிக்கிற முழு வழிகாட்டி

பேராதனையில பல் வைத்தியம் முடிச்சு, கொழும்பு பிஜிஐஎம்மில (மருத்துவப் பட்டப்பின் படிப்பு நிறுவனம்) எம்டி ஒர்த்தடொன்டிக்ஸ் (கம்பி போட்டுப் பல்லையும் தாடையையும் சீராக்கிற துறை) செய்யிற எங்கட பக்கத்துப் பிள்ளையள் லீவுக்கு திருகோணமலை வரேக்க சனி ஞாயிறில எங்கட வீட்டு முன் ஹோலில கூடுவாங்க, நாலஞ்சு பேர்தான், வர ஏலாதவங்க சூமில வருவாங்க. நான் பல் டொக்டர் இல்ல, ஸ்டெடிஸ்டிக்ஸ் படிச்சவன். முதல் ரெண்டு மூண்டு வருசம் எல்லாரையும் போலத்தான் நானும் தொடங்கினன், நோர்மல் கேர்வ் கீறி, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (நம்பர்கள் சராசரியில இருந்து எவ்வளவு சிதறி நிக்குது எண்ட அளவு) போர்முலா எழுதி, பிறகு டி டெஸ்ட், பிறகு கை ஸ்குவயர். பிள்ளையள் தலையாட்டுவாங்க, கொப்பி நிறைய எழுதுவாங்க. ஒரு வருசம் கழிச்சு தீசிஸ் நேரம் இரவு பதினொரு மணிக்கு கோல் வரும், "சேர், டேட்டா எல்லாம் எடுத்து முடிஞ்சுது, இதுக்கு எந்த டெஸ்ட் போடுறது?"

அந்தக் கேள்வி வந்தாலே படிப்பிச்சது சரிவரேல்ல எண்டுதான் அர்த்தம், ஏனெண்டா எந்த டெஸ்ட் எண்டது முதலாவது பேசண்டைப் பார்க்க முதலே முடிவாகியிருக்கோணும். அதுக்குப் பிறகு வரிசையை மாத்தினன். இப்ப பிள்ளையள் முதல்ல தங்கட கையே தங்கட கையோட ஒத்துப்போகாததைக் கண்ணால காணோணும், மிச்சமெல்லாம் அதில இருந்துதான் முளைக்கும். இதே வேலை செய்யிற ஆக்களுக்கு உதவும் எண்டு எங்கட வரிசையை அப்பிடியே எழுதுறன்.

படி 1: கலிபரையும் பத்து மொடலையும் மேசையில வையுங்கோ

முதல் வகுப்பில போர்ட் வேண்டாம், லப்டொப் வேண்டாம். கீழ்த்தாடை பிளாஸ்டர் மொடல் பத்து, பேரை மறைச்சு 1 தொடக்கம் 10 வரைக்கும் நம்பர் ஒட்டினது, ஒரு டிஜிட்டல் கலிபர் (ரெண்டு கூரான நுனிக்கும் இடையில இருக்கிற தூரத்தை அளக்கிற கருவி), ஆளுக்கு ரெண்டு தாள். அளக்கிறது லிட்டில் இன்டெக்ஸ், 1975ல வந்தது, ஒர்த்தடொன்டிக்ஸ் பிள்ளையளுக்கு நல்லாத் தெரிஞ்ச சாமான்: கீழ் முன்பல் ஆறுக்கும் இடையில இருக்கிற அஞ்சு தொடுபுள்ளியும் ஒண்டுக்கொண்டு எவ்வளவு விலகி நிக்குது எண்டு மில்லிமீட்டரில அளந்து கூட்டுறது. பத்தையும் அளந்து முதல் தாளில எழுதச் சொல்லுங்கோ, தாளை நீங்க வாங்கி வைச்சிடுங்கோ. சாப்பாட்டுக்குப் பிறகு மொடல்களைக் கலைச்சு அடுக்கி, அதே பத்தையும் ரெண்டாந்தரம் அளக்கச் சொல்லுங்கோ. உண்மையான ஆய்வில ரெண்டு அளவைக்கும் இடையில ஒரு ரெண்டு கிழமையாவது விடோணும், இல்லாட்டி முதல் அளந்தது மனசில நிக்கும், ஆனா வகுப்புக்கு இது காணும்.

போன தடவை வந்த ஒரு தங்கச்சி, கை நல்ல நிதானம், பிரக்கெட் (கம்பியைப் பிடிக்கப் பல்லில ஒட்டுற சின்னத் துண்டு) ஒட்டுறதில சீனியர்மார் மெச்சுற ஆள். மூண்டாவது மொடலில முதல் தரம் 6.84, ரெண்டாந்தரம் 6.24. ரெண்டு தாளையும் பக்கத்தில வைச்சுப் பார்த்திட்டு, "சேர், கலிபர் பற்றரி இறங்கிட்டுது போல" எண்டா. பற்றரி மாத்திக் குடுத்தன். திருப்பி அளந்தா, 6.51. கலிபரைத் தூக்கி வெளிச்சத்தில பிடிச்சு அந்தக் கூரான நுனியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தா, பிறகு மெல்லமாக் கேட்டா, "அப்ப எது சேர் சரி?"

அந்தக் கேள்விக்காகத்தான் அந்த நாள் முழுக்க. உடன பதில் சொல்லிப்போடாதேங்கோ. கலிபர் 0.01 மில்லிமீட்டர் வரைக்கும் காட்டுது, ஆனா கை 0.6 தள்ளி நிக்குது, திரையில தெரியிற அந்த ரெண்டு தசமத்தை நம்பலாமா எண்டு அவங்களே தங்களுக்குள்ள கதைக்கட்டும். தொடுபுள்ளி எண்டு நான் நினைக்கிற இடமும் நீ நினைக்கிற இடமும் ஒண்டில்ல எண்டது தானா வெளியில வரும்.

படி 2: அந்த வித்தியாசத்துக்கு ஒரு நம்பர் குடுங்கோ

இப்பதான் முதலாவது போர்முலா. முதல் அளவையில இருந்து ரெண்டாவதைக் கழிச்சு வித்தியாசத்தை எழுதச் சொல்லுங்கோ. நான் வழமையாப் போர்டில போடுற செட் இது: 0.4, -0.2, 0.6, 0.1, -0.5, 0.3, 0.8, -0.1, 0.2, 0.4. ஒவ்வொண்டையும் வர்க்கிச்சுக் கூட்டினா 1.76. அதை மொடல் எண்ணிக்கையின்ட ரெண்டு மடங்கால, அதாவது 20ஆல பிரிச்சா 0.088, வர்க்கமூலம் எடுத்தா கிட்டத்தட்ட 0.3 மில்லிமீட்டர். இதுதான் டால்பெர்க் எரர், 1940ல இருந்து எங்கட துறையில ஓடுது, ஜேர்னல் கட்டுரையளில இப்பவும் காண்பீங்க.

ஆனா அதோட நிப்பாட்டக்கூடாது. டால்பெர்க் ரெண்டு விதமான பிழையை ஒரே பையில போட்டுக் கட்டிடும். அந்தப் பத்து வித்தியாசத்தின்ட சராசரியைப் பாருங்கோ, 0.2. அதாவது ரெண்டாந்தரம் அளக்கேக்க கை சராசரியா 0.2 குறைச்சே அளந்திருக்கு. களைப்பா, சாப்பாட்டு மயக்கமா, இல்லாட்டி ரெண்டாந்தரம் கலிபரை வேற மாதிரிப் பிடிச்சதா? ஒரே பக்கம் சாயிற பிழை வேற, அங்கயும் இங்கயும் ஆடுற பிழை வேற. இதைக் காட்டுறதுக்கு பிளாண்டும் ஓல்ட்மனும் 1986ல லான்செட்டில எழுதின முறையைப் போடுங்கோ: ரெண்டு அளவையின்ட சராசரி கீழ, வித்தியாசம் பக்கவாட்டில, பத்துப் புள்ளி. இந்த செட்டில வித்தியாசத்தின்ட ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 0.39, அதை 1.96ஆல பெருக்கி 0.2க்கு மேலயும் கீழயும் வைச்சா -0.56இல இருந்து 0.96 வரைக்கும். இதே ஆள் இதே மொடலைத் திருப்பி அளந்தா வித்தியாசம் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்ளதான் கிடக்கும்.

யாராவது ஒருத்தர் கட்டாயம் கேட்பாங்க, "ஏன் சேர், கொரிலேஷன் பார்த்தாக் காணாதா, 0.98 வருதே?" காணாது. ஒருத்தர் எல்லா மொடலையும் மற்றவரை விட 2 மில்லிமீட்டர் கூட்டியே அளந்தாலும் கொரிலேஷன் அச்சொட்டா 1 வரும். ரெண்டு பேரும் ஒரே திசையில போறாங்க எண்டுதான் அது சொல்லும், ஒரே இடத்தில நிக்கிறாங்க எண்டு சொல்லாது. அளவைகளுக்கு இன்ட்ரா கிளாஸ் கொரிலேஷன், ஐஓடிஎன் (சிகிச்சை எவ்வளவு தேவை எண்டு சொல்லுற சுட்டி) கிரேட் 1 தொடக்கம் 5 மாதிரித் தரங்களுக்கு வெயிட்டட் கப்பா, இந்த ரெண்டையும் இப்ப பேர் மட்டும் சொல்லி வைச்சாப் போதும்.

இந்த முதல் ரெண்டு படிக்கு நான் முழுசா ரெண்டு நாள் எடுப்பன். கூட எண்டு சில பேர் சொல்லுவாங்க. எனக்கு இதில சமரசமே இல்ல.

படி 3: கேள்வியைச் சின்னனாக்குங்கோ

பிள்ளையள் கொண்டுவாற கேள்வி எல்லாம் கடல் மாதிரி இருக்கும். "செல்ஃப் லைகேட்டிங் பிரக்கெட் (கம்பியைத் தானாவே பிடிச்சு வைச்சிருக்கிற வகை) நல்லதா?" யாருக்கு, எதோட ஒப்பிட்டு, எதை அளந்து, எத்தனை மாசத்தில? இந்த நாலுக்கும் ஒரே வசனத்தில பதில் வரும் வரைக்கும் விடாதேங்கோ. "12இல இருந்து 16 வயசு, பல் பிடுங்காத கேஸ், சாதாரண பிரக்கெட்டோட ஒப்பிட்டு, முதல் 20 கிழமையில லிட்டில் இன்டெக்ஸ் எவ்வளவு குறையுது" எண்டு வந்தாச் சரி. எங்கட வீட்டில ஒரு பழக்கம் இருக்கு, அந்த வசனத்தைப் பல் வைத்தியமே தெரியாத ஒருத்தருக்குத் தமிழில சொல்லிக் காட்டோணும். அனேகமா என்ட மனுசிதான் அந்த ஆள். அவ "அப்ப ஏன் 20 கிழமை?" எண்டு கேட்டா அதுக்கும் பதில் இருக்கோணும்.

இதில ஒண்டு சொல்லோணும், சோதினையும் தீசிஸும் இங்கிலீஷில, அதுக்கு ஆக்களைத் தயார் பண்ணத்தான் வேணும், ஆனா விளங்குறது தாய்ப்பாசையில விளங்கோணும். ஒரு விசயத்தைத் தமிழில சொல்லத் தெரியாம இங்கிலீஷ் வசனத்தைப் பாடமாக்கின பிள்ளை வைவாவில (வாய்மொழிச் சோதினையில) ரெண்டாவது கேள்வியோட நிண்டிடும். இதை நான் கனதரம் கண்டிட்டன்.

படி 4: பிள்ளை தானா வளரும் எண்டதை மறக்க விடாதேங்கோ

மற்ற மருத்துவத்தில கனக்க இடத்தில இல்லாத ஒரு சிக்கல் ஒர்த்தடொன்டிக்ஸில இருக்கு. பேசண்ட் வளர்ந்துகொண்டிருக்கிற பிள்ளை. ட்வின் பிளொக் (கீழ்த்தாடையை முன்னுக்குக் கொண்டுவரப் போடுற, கழட்டி மாட்டுற அப்ளையன்ஸ்) போட்டு ஒன்பது மாசத்தால எக்ஸ்ரே எடுத்தா கீழ்த்தாடை நீண்டுதான் இருக்கும், போடாமல் விட்டிருந்தாலும் நீண்டுதான் இருக்கும். கன்ட்ரோல் குரூப் (ஒப்பிட்டுப் பார்க்க, அந்தச் சிகிச்சை குடுக்காத ஆக்கள்) இல்லாமல் "எங்கட அப்ளையன்ஸ் தாடையை வளர்த்திட்டுது" எண்டு சொன்னா, மாரி மழைக்கு வளர்ந்த புல்லைக் காட்டி என்ட பசளைதான் வேலை செஞ்சது எண்டு சொல்லுற மாதிரி.

இதுக்கு இங்கிலாந்தில நடந்த ட்வின் பிளொக் டிரயலை எடுங்கோ, 2003ல வெளிவந்தது, 8இல இருந்து 10 வயசு வரைக்கும் 174 பிள்ளையள், ஒரு பகுதிக்கு உடன சிகிச்சை, மற்றப் பகுதிக்குப் பிறகு, யார் யாருக்கு எண்டதை ரண்டமா முடிவெடுத்தது. ஓவர்ஜெட் (மேல் முன்பல் கீழ் முன்பல்லை விட முன்னுக்குத் தள்ளி நிக்கிற அளவு) நல்லாக் குறைஞ்சது உண்மை, ஆனா அந்த மாற்றத்தில பெரும்பகுதி பல்லு நகர்ந்ததால வந்தது, எலும்பில வந்த மாற்றம் சின்னன். கன்ட்ரோல் குரூப் இருந்தபடியால்தான் அந்த ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல முடிஞ்சது. இதை வகுப்பில சொன்னா பிள்ளையள் கொஞ்சம் கலங்குவாங்க, ஏனெண்டா அவங்க தினம் செய்யிற சிகிச்சை அது. சிகிச்சை வேண்டாம் எண்டு இது சொல்லேல்ல, என்ன செய்யுது எண்டதைச் சரியாச் சொல்லு எண்டு கேக்குது, இதை நிதானமா விளங்கப்படுத்தோணும்.

ரண்டம் எண்டா உண்மையிலயே ரண்டமா இருக்கோணும். "செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு வாறவங்களுக்கு ஒண்டு, வியாழனுக்கு மற்றது" எண்டு போடுவாங்க. மூதூரில இருந்தும் கிண்ணியாவில இருந்தும் வாற ஆக்கள் பஸ்ஸுக்கும் வேலைக்கும் தோதான நாளாப் பார்த்துத்தான் வருவாங்க, ரெண்டு நாளும் வாறது ஒரே மாதிரி ஆக்கள் இல்ல. கம்பியூட்டரில லிஸ்ட் எடுத்து, உள்ளுக்கத் தெரியாத தடிச்ச கவருக்குள்ள நம்பர் வரிசையில ஒட்டி, பேசண்ட் சம்மதிச்ச பிறகுதான் திறக்கோணும். அளக்கிற ஆளுக்கு யார் எந்தக் குரூப் எண்டு தெரியக்கூடாது, எக்ஸ்ரேயில பிரக்கெட் தெரியும் எண்டா அந்த இடத்தைக் கறுப்புத் தாளால மறைச்சிட்டு ட்ரேஸ் பண்ணக் குடுங்கோ.

எத்திக்ஸ் அனுமதி முதலாவது டேட்டாவுக்கு முன்னம். ஆய்வுக்காக மட்டும் ஒரு பிள்ளைக்குக் கூடுதலா எக்ஸ்ரே எடுக்கிறது கூடவே கூடாது. தாய் தகப்பன் கையெழுத்தோட நிப்பாட்டாமல் பிள்ளையிட்டயும் அதுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லிச் சம்மதம் கேக்கோணும்.

படி 5: கன்னியா கிணறு

ஒரு தீசிஸ் என்னட்டக் கடைசி நேரத்தில வந்தது, எந்த இடம் எண்டு சொல்லேல்ல. 16 பேசண்ட், ஆளுக்குப் பத்துப் பிரக்கெட், எத்தனை கழண்டுது எண்டு பார்த்திருக்காங்க, சாம்பிள் சைஸ் 160 எண்டு எழுதியிருக்கு. பி வேல்யூ (சிகிச்சைக்கு ஒரு பங்கும் இல்லாட்டியும் வெறும் அதிர்ஷ்டத்தால இவ்வளவோ இதை விடக் கூடவோ வித்தியாசம் வாறதுக்கான சாத்தியம்) அழகா 0.01. எனக்கு நெஞ்சு பகீர் எண்டுது, ஏனெண்டா அந்தப் பிள்ளை ஒண்டரை வருசம் பாடுபட்டிருக்கு, ஒரே வாயில இருக்கிற பத்துப் பிரக்கெட்டைப் பத்து ஆளா எண்ணக்கூடாது எண்டதை ஒருத்தருமே சொல்லிக் குடுக்கேல்ல.

இதைப் படிப்பிக்க எனக்குக் கன்னியாவை விட நல்ல உதாரணம் கிடைக்கேல்ல. ஏழு வெந்நீர்க் கிணறு, ஒவ்வொண்டிலயும் சூடு கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம், எங்கட ஊர்ப் பிள்ளையள் எல்லாரும் வாளியால அள்ளித் தலையில ஊத்தின இடம். ஒரே கிணத்தில ஏழு வாளி அள்ளி ஏழுக்கும் தேர்மோமீட்டர் வைச்சா கன்னியாவில இருக்கிற ஏழு கிணத்தையும் அளந்ததாகுமா? ஆகாது, ஒரு கிணத்தைத்தான் ஏழு தரம் அளந்திருக்கு. ஒரு வாய்க்குள்ள இருக்கிற பத்துப் பல்லும் அதே மாதிரி, ஒரே எச்சில், ஒரே பழக்கம், அந்தப் பிள்ளை மிக்சர் கடிச்சா எல்லாப் பிரக்கெட்டுக்கும் அடி விழும்.

கணக்கையும் காட்டுங்கோ. 20 பேசண்ட், ஆளுக்கு 6 பல், மொத்தம் 120. ஒரே வாயில இருக்கிற பல்லுகளுக்கு இடையில ஒற்றுமை 0.3 எண்டு வைச்சா, டிசைன் இஃபெக்ட் எண்டது 1ஓட, 6இல ஒண்டைக் குறைச்சு 0.3ஆல பெருக்கினதைக் கூட்டுறது, 2.5 வரும். 120ஐ 2.5ஆல பிரிச்சா 48. கையில 120 இருக்கிற மாதிரித் தெரியும், உண்மையான பெறுமதி 48தான். இதுக்கு மிக்ஸ்ட் மொடல் (ஒரே ஆள்ட பல்லுகள் ஒண்டோடொண்டு ஒத்துப்போறதையும் கணக்கில எடுக்கிற முறை) போடலாம், இல்லாட்டி ஆளுக்கு ஒரு நம்பரா, சராசரியாவோ எண்ணிக்கையாவோ சுருக்கிட்டுச் செய்யலாம். தொடக்கத்தில இருக்கிற பிள்ளையளுக்கு நான் ரெண்டாவதைத்தான் சொல்லுவன்.

படி 6: எத்தனை பேர் வேணும்

படி 1 இங்க திரும்பி வரும். எவ்வளவு வித்தியாசம் வந்தா ஒரு ஒர்த்தடொன்டிஸ்ட் தன்ட சிகிச்சையை மாத்துவார்? முதல்ல அதைக் கேளுங்கோ, அதுக்குப் பதில் ஸ்டெடிஸ்டிக்ஸில இல்ல, கிளினிக்கில இருக்கு. 0.3 மில்லிமீட்டர் எண்டு ஒருத்தர் சொன்னா அவரிட்ட முதல் நாள் தாளை எடுத்துக் காட்டுங்கோ, உங்கட கை ஆடுறதே அவ்வளவுதானே.

0.5 மில்லிமீட்டர், ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 1 எண்டு வைச்சா, 80 வீதம் பவர் (உண்மையில வித்தியாசம் இருந்தா அதைப் பிடிக்கிறதுக்கான சாத்தியம்), 5 வீத மட்டத்தில ஒரு குறுக்குவழி இருக்கு: டீவியேஷனை வித்தியாசத்தால பிரிச்சு, வர்க்கிச்சு, 16ஆல பெருக்கு. 1ஐ 0.5ஆல பிரிச்சா 2, வர்க்கம் 4, 16ஆல பெருக்கினா 64. ஒரு குரூப்புக்கு 64. இந்த மனக்கணக்கு தெரிஞ்சிருந்தா சொஃப்ட்வெயர் தாற நம்பர் பிழையா இருந்தா உடன பிடிபடும். வித்தியாசத்தைப் பாதியாக்கினா ஆக்கள் நாலு மடங்கு, இதைப் போர்டில போட்டுக் காட்டினா பிள்ளையள் பெருமூச்சு விடுவாங்க. பிறகு இடையில நிக்கிற ஆக்கள். நூறில இருபது பேர் வராமல் போவாங்க எண்டா 64ஐ 0.8ஆல பிரிச்சு 80 பேரை எடுக்கோணும். எங்கட பக்கம் கார்த்திகை மார்கழி மழையில தூர இருந்து வாற ஆக்கள் அப்பொயின்மென்டைத் தவறவிடுறது வழமை, 20 கிழமை அளவை அந்த நேரத்தில விழாமல் பார்த்துத் தொடங்குங்கோ.

படி 7: எக்செல் ஷீட்

ஒரு வரி ஒரு ஆள், ஒரு நிரல் ஒரு விசயம். கலர் அடிச்சு அர்த்தம் சொல்லக்கூடாது, செல்லுகளை ஒண்டாச் சேர்க்கக்கூடாது, பேரும் டெலிபோன் நம்பரும் ஷீட்டில இருக்கவே கூடாது. தகவல் இல்லாட்டி வெறுமையா விடுங்கோ, 0ஓ 99ஓ வேண்டாம். 40 பேசண்ட், சராசரி வயசு 13, ரெண்டு பேருக்கு மட்டும் 99 போட்டிருந்தா சராசரி 17.3 ஆகிடும், ஒருத்தரும் கவனிக்கமாட்டாங்க. சொஃப்ட்வெயருக்குக் காசு குடுக்கத் தேவையில்ல, ஜமோவி சும்மா கிடைக்கும், கொஞ்சம் தைரியம் இருந்தா ஆர் எண்ட புரோகிராம். டெஸ்ட் போட முதல் படம் கீறிப் பாருங்கோ.

படி 8: பி வேல்யூவைக் கையால செய்யுங்கோ

பிரிஸ்டல் போர்ட்டில வெட்டின 16 துண்டு எடுங்கோ. முதல் கம்பி போட்டு 24 மணித்தியாலத்தால நோவு உச்சத்துக்கு வரும், பிட்டையும் கஞ்சியையும் தவிர வேற ஒண்டும் சாப்பிட ஏலாது எண்டு பிள்ளையள் சொல்லுற நேரம் அது. அந்த நேரத்தில 100 மில்லிமீட்டர் கோட்டில பேசண்ட் போட்ட நோவு அளவை ஒரு துண்டுக்கு ஒண்டா எழுதுங்கோ. ஒரு கம்பிக்கு 8 பேர், மற்றதுக்கு 8 பேர். ரெண்டு சராசரிக்கும் வித்தியாசம் 14 எண்டு வைப்பம்.

இப்ப 16ஐயும் நல்லாக் கலைச்சுக் குத்துமதிப்பா எட்டெட்டாப் பிரிச்சு வித்தியாசத்தைப் பாருங்கோ. கம்பிக்கு ஒரு பங்கும் இல்லாத உலகம் இதுதான், வெறும் அதிர்ஷ்டம் எவ்வளவு வித்தியாசத்தைத் தரும் எண்டு பார்க்கிறம். அஞ்சு பேர் ஆளுக்கு இருபது தரம் செஞ்சா நூறு புள்ளி, சுவரில ஒட்டின தாளில ஒவ்வொண்டா வையுங்கோ. போன தடவை எங்கட ஹோலில 14ஓ அதை விடக் கூடவோ, எந்தப் பக்கமா இருந்தாலும், நூறில 9 தரம் வந்தது. அந்த 0.09தான் பி வேல்யூ. கையால கலைச்சுப் பார்த்த பிள்ளை பிறகு ஒருநாளும் "எங்கட கருதுகோள் பிழையா இருக்கிறதுக்கு 9 வீதம் சாத்தியம்" எண்டு எழுதாது.

கொன்பிடன்ஸ் இன்டர்வல், அதாவது உண்மையான வித்தியாசம் எந்த எல்லைக்குள்ள கிடக்கும் எண்டு போடுற கணக்கு, அதை விளங்கப்படுத்த வீச்சு வலை. களப்பில நிண்டு வலை வீசுறவருக்கு மீன் எங்க நிக்குது எண்டு தெரியாது, ஆனா அவர்ட கைக்கு நூறு வீச்சில 95 தரம் வலை அதை மூடும். இந்த ஒரு வீச்சு மூடிச்சா இல்லையா எண்டு சொல்ல ஏலாது. வலை எவ்வளவு அகலம் எண்டதைப் பார்க்கோணும், -2இல இருந்து 30 வரைக்கும் எண்டா வலை பெரிசு, ஆக்கள் காணாது எண்டு அர்த்தம். பி 0.05ஐத் தாண்டினா "வித்தியாசம் இல்ல" எண்டு எழுதுறதை இந்த இடத்தில அறவே நிப்பாட்டச் சொல்லுங்கோ.

இன்னுமொண்டு. செஃபலோமெட்ரிக் (தலையைப் பக்கவாட்டில எக்ஸ்ரே எடுத்து அளக்கிற) ஆய்வில 20 கோணத்தை அளந்து இருபதுக்கும் டெஸ்ட் போடுவாங்க. ஒண்டுமே மாறாட்டியும், அந்த இருபதும் ஒண்டோடொண்டு தொடர்பில்லாதது எண்டா, குறைஞ்சது ஒண்டாவது 0.05க்குக் கீழ வாறதுக்குச் சாத்தியம் 64 வீதம். எதை முக்கியமாப் பார்க்கப்போறம் எண்டு முதலே ஒண்டை எழுதி வைக்கோணும்.

எந்த டெஸ்ட் எண்டது இவ்வளவுக்கும் பிறகு பத்து நிமிச வேலை. ஒரே ஆளை ரெண்டு தரம் அளந்ததா, வேற வேற ஆக்களா? அளவையா, தரமா, ஆம் இல்லையா? எத்தனை குரூப்? மூண்டு கேள்விக்கும் பதில் சொன்னா டெஸ்ட் தானா வந்து நிக்கும்.

படி 9: கட்டுரை வாசிப்பு

மாசத்துக்கு ஒரு கட்டுரை. சுருக்கத்தை மடிச்சு மறைச்சிட்டு செய்முறைப் பகுதியை மட்டும் குடுங்கோ, முடிவு என்னவா இருக்கும் எண்டு பிள்ளையள் எழுதட்டும். டிரயல் எண்டா கொன்சோர்ட் செக்லிஸ்ட், கவனிச்சுப் பார்க்கிற ஆய்வு எண்டா ஸ்ட்ரோப். எத்தனை பேர் தொடங்கி எத்தனை பேர் முடிச்சாங்க, அளவைப் பிழை எவ்வளவு எண்டு சொல்லியிருக்கா, பல்லை எண்ணினாங்களா ஆளை எண்ணினாங்களா, இந்த மூண்டையும் தேடப் பழக்கினா மிச்சம் தன்பாட்டில வரும்.

படி 10: பெட்டியைத் திருப்பித் திறவுங்கோ

ஆறு மாசத்தால அதே பத்து மொடலையும் திருப்பி ரெண்டு தரம் அளக்கச் சொல்லுங்கோ. முதல் நாள் தாளை நான் எறியாம ஃபைலில வைச்சிருப்பன். அந்தத் தங்கச்சிக்கு டால்பெர்க் எரர் 0.3இல இருந்து 0.2க்குக் கீழ இறங்கியிருந்தது, ஏன் எண்டு கேட்டன், "இப்ப ஒவ்வொரு தொடுபுள்ளியிலயும் எந்த இடத்தில கலிபர் நுனி நிக்கோணும் எண்டு அளக்க முதலே எழுதி வைக்கிறன் சேர்" எண்டா. அந்த எழுதி வைச்ச தாள் அவட தீசிஸில செய்முறைப் பகுதியின்ட ரெண்டாவது பந்தியாப் போயிட்டுது.

பெட்டியை அடுத்த ஆக்களுக்குக் குடுக்க முதல் மொடல்களை நல்லாப் பாருங்கோ, கலிபர் நுனி பட்டுப் பட்டு பிளாஸ்டர் தேயும், தொடுபுள்ளியில கீறல் தெரிஞ்சா புதுசா வார்த்து வையுங்கோ, இல்லாட்டி அடுத்த பிள்ளை பல்லை அளக்காது, முந்தின ஆள்ட கீறலைத்தான் அளக்கும்.